பாட்டி பெயர் ஏன் பழைய பெயர் ஆனது?

மாணவர்களே, உங்கள் அடையாள அட்டையை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்ற குறி. ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றின் சுருக்கம் அது. மகன், மகள் என்று பொருள். குறிக்கு முன்னால் இருப்பது உங்கள் பெயர். பின்னால் இருப்பது அப்பாவின் பெயர்.

இப்போது அப்பாவின் அட்டையையும் தாத்தாவின் அட்டையையும் பக்கத்தில் வையுங்கள். மூன்று அட்டைகளில் நான்கு தலைமுறைப் பெயர்கள் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு இப்படி ஒரு வரிசை வரலாம்: ஹரிஷ், குணசேகரன், பெருமாள், கருப்பையா. பெண்கள் பக்கம் பார்த்தால் தர்ஷினி, கலைச்செல்வி, லெட்சுமி, மாரியாயி என்று வரலாம்.

ஆற்றங்கரையில் மண் அடுக்கடுக்காகப் படிவதைப் படித்திருப்பீர்கள். எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று நிலவியலாளர் சொல்லிவிடுவார். பெயர்களும் அப்படித்தான். ஒரு பெயரைக் கேட்டதுமே, ‘இவர் தாத்தா வயதுக்காரர்’, ‘இவர் நம் வயதுக்காரர்’ என்று நாம் ஊகித்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கிறது. அது எப்படி? ‘பெருமாள்’ என்ற சொல்லில் வயது எங்கே ஒளிந்திருக்கிறது?

தோட்டத்துப் பெயர்களின் அடுக்குகள்

நெகிரி செம்பிலானில் லாபு, லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்து சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து கெடிஸ் என்று பால்மரத் தோட்டங்கள் பரவிய காலத்தில், கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தார்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்த வருகை நீடித்தது.

அவர்கள் கொண்டுவந்தவற்றுள் பெயர்களும் உண்டு. முனியாண்டி, கருப்பையா, மாரியாயி, காளியம்மா, வீராயி என்பவை ஊர்க்காவல் தெய்வங்களின் பெயர்கள். பெரியசாமி, சின்னப்பன், சின்னம்மா போன்றவை பிள்ளைகளின் மூப்பையோ இளமையையோ காட்டின.

குப்புசாமி, பிச்சை ஆகிய பெயர்களுக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையாவது தங்க வேண்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பு என்றும், பிச்சையாகப் பெற்றது என்று பிச்சை என்றும் பெயரிடுவார்கள். தொடக்ககாலத் தோட்டங்களில் மலேரியாவின் கொடுமை மிக அதிகம். டாக்டர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கிய பிறகே நிலைமை மெல்ல மாறியது. குழந்தைகள் பிழைத்து வளரத் தொடங்கியபின், அத்தகைய பெயர்களுக்குத் தேவை குறைந்தது. பெண் குழந்தை போதும் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்ட ‘போதும்பொண்ணு’ என்ற பெயரும் இன்று புதிதாக வைக்கப்படுவதில்லை. அது மறைந்ததற்கு யாரும் வருந்தத் தேவையில்லை.

அடுத்த அடுக்கு தமிழ் இயக்கங்களின் காலம். 1916-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. அதைத் தொடங்கிய மறைமலை அடிகளே வேதாசலம் என்ற தம் பெயரை அப்படி மாற்றிக்கொண்டவர். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்குப் பயணம் மேற்கொண்டார். நாளிதழ்களும் தமிழ்ப் பள்ளிகளும் தோட்டங்களுக்குள் புதிய காற்றைக் கொண்டுவந்தன. இளங்கோ, அன்பழகன், தமிழ்ச்செல்வி, மலர்விழி, கலைச்செல்வி என்ற பெயர்கள் லயத்து வீடுகளிலும் ஒலித்தன.

அதன்பின் சுரேஷ், ரமேஷ், உஷா, கீதா. அதற்கும் பின், குடும்பங்கள் தோட்டத்தை விட்டு சிரம்பான், செனவாங், நீலாய் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், ‘ஷ’, ‘ஹ’, ‘வின்’, ‘ஷினி’ ஒலிகள் நிறைந்த இன்றைய பெயர்கள். இந்த அடுக்குகளுக்கு நடுவே கத்தியால் வெட்டிய கோடு இல்லை. முருகனும் லெட்சுமியும் எல்லா அடுக்கிலும் உண்டு. ஆனால் எந்தப் பெயர் அதிகம், எந்தப் பெயர் குறைவு என்பது அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது.

நல்ல பெயர் வெல்கிறதா?

‘பழைய பெயர் நன்றாக இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள்’ என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் சற்று யோசியுங்கள். பெருமாள் என்ற சொல் 1930-லும் அதே சொல்தான், இன்றும் அதே சொல்தான். பொருள் மாறவில்லை, ஒலி மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1880 முதலான குழந்தைப் பெயர்களின் எண்ணிக்கை ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. மேத்யூ ஹான், அலெக்சாண்டர் பென்ட்லி என்ற இருவர் அந்தப் பட்டியலை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தப் பத்தாண்டை எடுத்தாலும் மிகச் சில பெயர்கள் ஏராளமான குழந்தைகளுக்கு வைக்கப்பட்டிருந்தன. மிகப் பல பெயர்கள் ஒரு சிலருக்கு மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. முன்வரிசையில் நிற்கும் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் இந்த அமைப்பு மாறவில்லை. இதை விளக்க, ‘மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள், எப்போதாவது ஒருவர் புதிய பெயரை உருவாக்குகிறார்’ என்ற எளிய விதியே போதும் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு பெயர் இன்னொன்றைவிடச் சிறந்தது என்று கருத வேண்டிய தேவையே எழவில்லை.

நம்ப முடியவில்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள்.

பத்துத் துண்டுத் தாள் சோதனை

பத்துத் துண்டுத் தாள்களில் பத்து வெவ்வேறு பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். இது முதல் தலைமுறை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளை எடுங்கள். அதிலுள்ள பெயரை நோட்டில் குறித்துவிட்டு, தாளைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். நோட்டில் உள்ள பத்துப் பெயர்கள்தாம் இரண்டாம் தலைமுறை. அவற்றைப் புதிய தாள்களில் எழுதி, பழையவற்றை எடுத்துவிட்டு, அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் சுற்றிலேயே சில பெயர்கள் காணாமல் போகும். எத்தனை? கணக்குப் போடலாம். ஒரு பெயர் ஒரு முறை எடுபடாமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்பது, அதாவது 0.9. பத்து முறையும் எடுபடாமல் போகும் வாய்ப்பு, 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறக்குறைய 0.35. ஆகவே பத்துப் பெயர்களில் மூன்று அல்லது நான்கு முதல் சுற்றோடு மறையும் என்று எதிர்பார்க்கலாம். தொடர்ந்து செய்தால், பெரும்பாலும் இருபது சுற்றுகளுக்குள் டப்பாவில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும்.

மிஞ்சிய பெயர் என்ன தகுதியால் மிஞ்சியது? எந்தத் தகுதியாலும் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தீர்கள். பக்கத்து நண்பர் இதே சோதனையைச் செய்தால் அவருக்கு வேறொரு பெயர் மிஞ்சும்.

உயிரியலில் இதை மரபியல் நகர்வு என்பார்கள். ஒரு சிறிய தீவில் வாழும் பறவைக் கூட்டத்தில், எந்த நன்மையும் தீமையும் இல்லாத ஒரு நிறக்கூறு தற்செயலாகவே பரவலாம், தற்செயலாகவே அழிந்தும் போகலாம். கூட்டம் சிறியதாக இருக்க இருக்க இது வேகமாக நடக்கும்.

சோதனையை இன்னொரு வகையிலும் செய்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாளில் மட்டும், இதுவரை இல்லாத ஒரு புதிய பெயரை எழுதுங்கள். இப்போது டப்பா ஒரே பெயரில் முடிந்துபோகாது. பழையன போகும், புதியன வரும், ஓட்டம் நிற்காது. இந்தப் புதிய பெயர், நீங்கள் ‘முத்தாசி’ என்று படிக்கும் திடீர்மாற்றத்துக்கு நிகரானது.

‘அப்படியானால் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டா பெயர் வைக்கிறார்கள்?’ என்று கேட்பீர்கள். இல்லை. ஒவ்வொரு பெற்றோரும் நன்றாக யோசித்தே வைக்கிறார்கள். ஒருவருக்குக் குலதெய்வம், ஒருவருக்கு நடிகர், ஒருவருக்கு நட்சத்திர எழுத்து. காரணங்கள் ஆயிரம் திசையில் இழுப்பதால், ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது தற்செயல் போலவே தெரிகிறது. எண்கணித சோதிடம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதும் இங்கே ஒரு புதிய தாளைப் போடும் வேலைதான். எழுத்தைக் கூட்டினால் வாழ்க்கை மாறும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரே பெயர் பல வடிவங்களாகப் பிரிய அது வழி செய்கிறது.

யாரைப் பார்த்து எடுக்கிறோம்?

இப்போது நம் தோட்டத்துக்கே திரும்புவோம். ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி, அதாவது பேத்தி. நம் உறவுமுறைச் சொல்லிலேயே பெயர் வைக்கும் விதி பதிந்திருக்கிறது. அந்த விதிப்படி பெயர் மேலிருந்து கீழாக இறங்கும். தாத்தா பெருமாள் என்றால் பேரன் பெருமாள். புதிய தாள் டப்பாவுக்குள் நுழைவது அரிது. அதனால் ஒரே தோட்டத்தில் நான்கைந்து பெருமாள்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய, ‘மண்டோர் பெருமாள்’, ‘நெட்டைப் பெருமாள்’, ‘ஆறாம் நம்பர் லயத்துப் பெருமாள்’ என்று அழைக்க வேண்டியிருந்தது.

வானொலி, திரைப்படம், வார இதழ், பிறகு தொலைக்காட்சி, இணையம் வந்தபின் பெயர் பக்கவாட்டிலும் வரத் தொடங்கியது. தாத்தாவிடமிருந்து எடுப்பதற்குப் பதிலாக, தன் வயதுப் பெற்றோரைப் பார்த்து எடுக்கிறார்கள். டப்பா ஒரு தோட்டத்தின் அளவிலிருந்து உலக அளவுக்குப் பெரிதாகிவிட்டது. புதிய தாள்கள் நாள்தோறும் விழுகின்றன. உங்கள் வகுப்பில் ஒரே பெயருள்ளவர்கள் இருவர் இருந்தால் அது இன்று அபூர்வம். அன்று நால்வர் இருந்தாலும் வியப்பில்லை.

நம் அடுக்குகள் மாறியதற்கு இதுவே முதன்மையான விடை. மாறியது பெயர்களின் தரம் அல்ல. யாரைப் பார்த்து எடுக்கிறோம் என்பதுதான்.

வேகமாக ஏறுவது வேகமாக இறங்கும்

பக்கவாட்டில் பரவும் பெயருக்கு இன்னொரு குணம் உண்டு. அமெரிக்காவில் 1880 முதல் 1946 வரை பெண் குழந்தைகளின் பெயர்களில் மேரிதான் முதலிடம். அந்த நேரத்தில் ‘லிண்டா’ என்ற ஒரு பாடல் பிரபலமானது. 1947-இல் லிண்டா மேரியைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. ஆறே ஆண்டுகள். 1953-இல் மேரி திரும்ப மேலே போய்விட்டது. மெல்ல ஏறிய பெயர் நெடுநாள் நின்றது. திடீரென ஏறிய பெயர் சீக்கிரம் சரிந்தது.

ஜோனா பெர்கர், கயேல் லெ மென்ஸ் என்ற ஆய்வாளர்கள் பிரான்சு, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் நூறாண்டுக்கும் மேலான பெயர்களை அலசி, 2009-இல் இதே முடிவை வெளியிட்டார்கள். வேகமாகப் பரவும் பெயரைப் பார்த்ததும், ‘இது சில நாள் மோகம்’ என்று அடுத்த பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு பாட்டு ஒரே வாரத்தில் எல்லாரிடமும் பரவி, அடுத்த மாதம் யாருக்கும் வேண்டாததாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விதிதான்.

எழுத்தருக்குக் கேட்டபடி

லெட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான்கைந்து விதமாவது கிடைக்கும். தோட்டத்தில் குழந்தை பிறந்தால், அதைப் பதியும்போது பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர் பெரும்பாலும் அலுவலகக் கிராணியோ பதிவு எழுத்தரோதான். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் வாயால் சொன்னார்கள். அவர் காதில் கேட்டபடி எழுதினார். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைத் தருகிறது, ‘ச’வும் அப்படியே. எந்த ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதை எழுதுபவரே தீர்மானித்தார். ஒரே வீட்டில் அண்ணன் தம்பியின் அட்டைகளில் அப்பாவின் பெயர் இரண்டு விதமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இவையும் பிரதி எடுக்கும்போது நேர்ந்த திடீர்மாற்றங்களே.

உலகில் இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, ஐரிஷ் மொழிப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதியப்பட்டன; பல பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாகவே மாறின. இன்று அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2007 முதல் பல ஆண்டுகள் ஆண் குழந்தைகளின் பெயர்களில் ‘ஜாக்’ முதலிடத்தில் இருந்தது. இடையே 2016-இல் மட்டும் ‘ஜேம்ஸ்’ முந்தியது. இரண்டும் ஆங்கிலப் பெயர்கள். ஆனால் 2021-இல் பெண் குழந்தைகளின் பெயர்களில் முதலிடம் பிடித்தது ‘ஃபீயா’. அது ஐரிஷ் மொழிச் சொல். அதை ஐரிஷ் எழுத்துக்கூட்டலிலேயே எழுதுகிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரால் அதைச் சரியாக உச்சரிக்க முடியாது. அதற்காகப் பெற்றோர் தயங்கவில்லை. ஒரு காலத்தில் ஒதுங்கிப்போன மொழியின் பெயர்கள் திரும்பவும் முன்வரிசைக்கு வரலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

தாழ்ந்த குரல் எதற்கு?

நான் இவ்வளவையும் எழுதக் காரணம் உண்டு. வகுப்பில் முழுப் பெயரைச் சொல்லச் சொன்னால், சில மாணவர்கள் தம் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் பெயர் வரும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். முனியாண்டி, குப்புசாமி என்ற பெயர்களைச் சொல்லிக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். கேலி செய்பவரின் தாத்தாவுக்கும் அப்படி ஒரு பெயர்தான் இருந்திருக்கும். அது அவருடைய அட்டையில் இல்லை, அவ்வளவுதான்.

துண்டுத் தாள் சோதனை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. டப்பாவிலிருந்து மறைந்த பெயர் தோற்றுப்போன பெயர் அல்ல. இன்று உங்களுக்குப் புதிதாக ஒலிக்கும் உங்கள் பெயரும், உங்கள் பேரப்பிள்ளைகளின் காதில் பழைய பெயராகத்தான் ஒலிக்கும். அதற்கு நீங்கள் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

இந்த வாரப் பணி

நம் முறையில் அப்பாவின் பெயர் பிள்ளையின் அட்டையில் ஒரு தலைமுறை மட்டுமே தங்கும். உங்கள் பிள்ளைகளின் அட்டையில் தாத்தாவின் பெயர் இருக்காது. சென்டாயான் பக்கம் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று புதிய வீடுகள் நிற்கின்றன. லயங்கள் போய்விட்ட இடத்தில், அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் சான்றுகளில் பெயரும் ஒன்று. அதைப் பதிந்துவைக்க உங்களால் முடியும்.

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: 1940-க்கு முன் பிறந்தவர்கள், 1940 முதல் 1969 வரை, 1970 முதல் 1999 வரை, 2000-க்குப் பின். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் தெரிந்த உறவினர் அனைவரின் பெயரையும் உரிய கட்டத்தில் எழுதுங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தெய்வப் பெயர்கள் நூற்றுக்கு எத்தனை? ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வருகிறது? ‘ஷ’, ‘ஹ’, ‘ஜ’ ஒலியுள்ள பெயர்கள் எந்தக் கட்டத்தில் கூடுகின்றன? தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்கியவர்கள் எத்தனை பேர்? வகுப்பில் முப்பது பேர் செய்தால், சில நூறு பெயர்கள் கொண்ட ஒரு நல்ல தரவுத் தொகுப்பு உங்கள் கையில் இருக்கும். அதை வரைபடமாக்கிப் பாருங்கள். வகுப்பில் பகிர்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களின் அனுமதியைக் கேளுங்கள். அடையாள அட்டை எண்களை எழுத வேண்டாம்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘பாட்டி, உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தது, ஏன் வைத்தார்கள்?’ அதற்கான விடை எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. அது பாட்டியிடம் மட்டுமே இருக்கிறது.